மறுகரையில் தூசி

என் மனைவி மறுகரையில் முதன்முதலாக விற்றது ஒரு மூக்குக்கண்ணாடி. யாருக்கும் கண் கெட்டுப்போக வழியே இல்லாத ஓர் உலகத்தில் மூக்குக்கண்ணாடி. அது சுடச்சுட விற்றுப்போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மறுகரை என்பது கணினிக்குள் இருக்கும் உலகம். உள்ளே போகிறவர்களுக்கு ஒரு பொம்மை உடம்பு தருவார்கள். அந்த உடம்போடு நடக்கலாம், வீடு கட்டலாம், எதிரே வருகிறவரிடம் எழுத்திலோ குரலிலோ பேசலாம். நிலம், கடல், வெயில் மட்டும்தான் அந்த நிறுவனம் தருவது. மற்றபடி அங்கே இருக்கும் நாற்காலியிலிருந்து செருப்பு வரை எல்லாமே உள்ளே வருகிறவர்களில் யாரோ ஒருவர் வடிவமைத்துக் கடையில் வைத்ததுதான். என் மனைவிக்கு வேலை கண்ணாடிக் கடையில், வருகிறவர்களின் முகத்துக்குப் பொருத்தமான ஃபிரேம் எடுத்துக் கொடுப்பது. மத்தியானத்தில் கடையில் ஈ காக்கா இருக்காது. அந்தப் பொழுதைப் போக்கத்தான் மறுகரைக்குள் போனாள். அங்கே இருந்தவர்களின் முகங்களைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

கண்ணாடியிலிருந்து கண்ணாடி வைக்கும் பெட்டி, பெட்டியிலிருந்து அதை வைக்கும் மேஜை, மேஜையிலிருந்து சோபா என்று கொஞ்ச காலத்திலேயே ஒரு பெரிய கடை போட்டுவிட்டாள். அங்கே அவள் பெயர் கண்ணாடிக்காரி. 'கண்ணாடிக்காரி சோபா' என்றால் தனி மவுசு. தனக்கென்று ஒரு வீடும் கட்டிக்கொண்டாள். வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, வெள்ளைக் கம்பளம்.

"வெள்ளைக் கம்பளமா? யார் துவைக்கறது?" என்று கேட்டேன்.

"அங்க அழுக்கே ஆகாதுங்க. அதானே விசேஷம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம், அங்க உங்க அக்கா வரமாட்டாங்க" என்றாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவள் ஒரு மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கிருந்து துரத்தப்பட்ட கிருமிகளெல்லாம் எங்கள் வீட்டில்தான் குடியேறியிருக்கின்றன என்பது அவள் நம்பிக்கை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. சொல்லாமல் கொள்ளாமல் வருவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் மின்விசிறிக்குப் போய்விடும். பேச்சு என்னவோ அன்பாகத்தான் இருக்கும்.

"உடம்பு எப்படிம்மா இருக்கு? வேலை ஜாஸ்தியோ?"

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணி. ஏன் கேக்கறீங்க?"

"ஃபேனைப் பார்த்தேன். அதான் கேட்டேன்."

அக்கா போன பிறகு என் மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி மின்விசிறியைத் துடைப்பாள். பிறகு மடிக்கணினியைத் திறந்து அந்த வெள்ளை வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போகத்தான் எனக்குத் தெரியும். இந்த மாதிரி உள்ளே போகிற வித்தையெல்லாம் தெரியாது. ஆனால் அந்த நேரங்களில் அவள் முகம் தெளிவதைப் பார்த்து, அப்படி ஓர் இடம் இருப்பது நல்லதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நிம்மதிக்குத்தான் ஒரு நாள் மறுகரை நிறுவனம் வேட்டு வைத்தது.

வீடுகளெல்லாம் கடை ஷோகேஸ் மாதிரி இருக்கின்றன, மனிதர்கள் வாழ்ந்த மாதிரியே இல்லை என்று பலர் குறைப்பட்டுக்கொண்டார்களாம். அதனால் 'வாழ்ந்த வீடு' என்று ஒரு புதிய வசதி. இனிமேல் மறுகரையில் எல்லாப் பொருளும் பழசாகும். தூசி படியும், கறை பிடிக்கும், தேயும். எந்தப் பொருள் எப்படிப் பழசாக வேண்டும் என்பதை அதை வடிவமைத்தவரே தீர்மானிக்கலாம். தீர்மானிக்காத பொருளுக்கெல்லாம் நிறுவனமே பொதுவாக ஒரு சாம்பல் பூச்சைப் பூசிவிடும்.

"என்னங்க, இங்க வாங்களேன்!"

அவள் குரலைக் கேட்டு யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன். திரையில் அந்த வெள்ளை வீடு சிமென்ட் மூட்டை வெடித்த மாதிரி கிடந்தது. அவளிடம் சாமான் வாங்கியவர்களின் செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. 'உங்கள் கட்டிலில் படுத்தால் கல்லறையில் படுத்த மாதிரி இருக்கிறது' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

உடனே உட்கார்ந்து தூசி வரைய ஆரம்பித்தாள். ஒரு சோபாவின் மேல் வெளுப்பாக ஒரு படலம் போட்டு, "எப்படி இருக்கு?" என்றாள்.

"மாவு கொட்டின மாதிரி இருக்கு."

அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள்.

"இப்போ?"

"இப்போ பனி பெய்த மாதிரி இருக்கு."

அவள் கையை எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். "கல்யாணம் ஆனதிலிருந்து துடைச்சுக்கிட்டேதான் இருக்கேன். ஒரு நாளாவது தூசி எப்படி இருக்கும்னு நின்னு பார்த்திருக்கேனாங்க?"

அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டாள். இனி வீட்டில் யாரும் எதையும் துடைக்கக் கூடாது. தரையை மட்டும் நடக்கிற அளவுக்குப் பெருக்கலாம். மற்றதெல்லாம் மாதிரி. 'மாதிரி' என்றால் தொடக் கூடாது என்று அர்த்தம்.

முதல் சில நாட்கள் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு நானும் அவளோடு சேர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. மின்விசிறி இறக்கையின் முன்விளிம்பில் அது மீசை மாதிரி திரண்டு நிற்கிறது. பின்பக்கம் மெல்லிய பொடிதான். டிவிக்குப் பின்னால் ஒயர்களைச் சுற்றிப் பஞ்சாகப் படிகிறது. சுவிட்சைச் சுற்றி ஒரு கருமை. அவள் கை படுகிற இடம் கொஞ்சம் கீழே, என் கை படுகிற இடம் கொஞ்சம் மேலே. நான் டிவி பார்க்கும்போது தலையைச் சாய்க்கிற சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் பதிந்திருந்தது. இந்த வீட்டில் நான் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதற்கு அந்த ஒரு வட்டம்தான் சாட்சி. அவள் டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"உங்க லிஃப்ட்டு மேல இருக்கற தூசி எப்படி இருக்கும்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

துருவும் எண்ணெயும் கலந்த கருந்தூசி. ஒரு மாத்திரை டப்பாவில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வேலையிலிருந்து கொண்டுவந்த எதையும் அவள் அவ்வளவு ஆசையாக வாங்கியதே இல்லை.

அக்கா வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை மட்டும் எனக்கு இருந்தது. அதற்கும் ஒரு சப்பைக்கட்டு கட்டினேன். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம் என்று போனில் சொல்லிவிட்டேன். பெயின்ட் வாசனை அக்காவுக்கு ஆகாது.

"என்ன கலருடா?"

"வெள்ளைக்கா."

"வெள்ளையா? உங்க வீட்டுக்கா?" என்றாள். அவள் அவ்வளவு நேரம் சிரித்து நான் கேட்டதில்லை.

இதற்கிடையில் கண்ணாடிக்காரியின் தூசி மறுகரையில் பேசப்பட ஆரம்பித்தது. மற்றவர்கள் செய்த அழுக்கு எல்லாம் அள்ளிப் பூசின மாதிரி இருக்க, இவளுடைய சோபாவில் மட்டும் கை வைக்கிற இடம் பளபளத்தது, உட்காருகிற இடம் குழிந்தது, மடிப்புக்குள் பஞ்சு சேர்ந்தது. புது சோபாவைவிடப் பழசான சோபாதான் அதிகமாக விற்றது. உற்சாகத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். அந்த வெள்ளை வீட்டை இடித்துவிட்டு, அதே இடத்தில் எங்கள் வீட்டையே அப்படியே கட்டினாள். சுவரில் என் தலை வட்டம் உட்பட.

நிறுவனம் அந்த வீட்டை 'மறுகரையின் மிக உண்மையான வீடு' என்று முகப்பில் போட்டது. கூட்டம் சொல்லி மாளாது. எங்கள் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 'இந்தச் சோபாவில் உட்கார்ந்ததும் எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை எழுதும்போது அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று எனக்குப் புரியவில்லை.

குட்டு வெளிப்பட்டது ஒரு தையல் கடையில். அக்கா ரவிக்கை வாங்கப் போயிருக்கிறாள். கல்லாவில் இருந்த பெண் போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். எட்டிப் பார்த்தால், திரையில் என் வீட்டுக் கூடம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை.

"பெயின்ட் எங்கடா?"

என் மனைவி மடிக்கணினியோடு உள்ளிருந்து வந்தவள் அப்படியே நின்றாள். அக்காவின் கண் மின்விசிறி, டிவி, சுவிட்ச் என்று ஒரு சுற்று வந்து ஜன்னல் திரையில் நின்றது.

"நான் எடுத்துக் கொடுத்த திரை இது. இதுல கை துடைச்சிருக்கீங்க. சரி, துடைச்சீங்க. அதை ஊருக்கே காட்டணுமா?"

"அது வந்து அண்ணி..."

"எத்தனை பேரு பார்த்திருப்பாங்க?"

"லட்சத்துக்கு மேல இருக்கும் அண்ணி." அந்த நிலைமையிலும் என் மனைவியால் பெருமையை மறைக்க முடியவில்லை.

அக்கா தொப்பென்று சோபாவில் உட்கார்ந்தாள். தூசி எழுந்து அவளைச் சுற்றி அடங்கியது. "நம்ம குடும்ப மானம் கப்பலேறிடுச்சு."

"கப்பல்ல இல்லக்கா, கம்ப்யூட்டர்ல" என்றேன், சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாமே என்று. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னை முறைத்தார்கள். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கேட்டாள். "அதைத் துடைக்க முடியுமா?"

"துடைச்சிடறேன் அண்ணி. இன்னிக்கே வீடு பூரா..."

"இந்த வீட்டை யாரு பார்க்கறா? அந்த வீட்டைச் சொல்றேன்!"

முடியும். வாழ்ந்த வீடு வசதியில் துடைப்பதும் உண்டு. வீட்டுக்காரர் அனுமதித்தால் யார் வேண்டுமானாலும் துடைக்கலாம். ஒரு நாள் மவுசைப் பிடித்தால் கை வலித்துத் தானே விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டு, என் மனைவி சரி என்றாள்.

பெயர் என்ன என்று திரை கேட்டது. "கண்டவங்களுக்கு எதுக்கு என் பேரைச் சொல்லணும்?" என்றாள் அக்கா. பெயர் சொல்லாதவர்களுக்கு மறுகரையே ஒரு பெயர் வைத்துவிடும்: விருந்தாளி. என்ன உடை என்று கேட்டது. எதையும் தேர்ந்தெடுக்காததால் நீலச் சட்டை. என்ன முடி என்று கேட்டது.

"முடி வேண்டாம். உதிரும்."

ஆக, நீலச் சட்டை போட்ட ஒரு மொட்டைத்தலை விருந்தாளி எங்கள் வீட்டுக்கு முன்னால் போய் நின்றாள். நின்ற கையோடு சுவரில் முட்டினாள். திரும்பச் சொன்னால் டீப்பாயின் மேல் ஏறினாள். இறங்கச் சொன்னால் ஜன்னல் வழியாக வெளியே போய்க் கடலில் விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய் வந்தாள். அக்கா மட்டும் அசரவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் டிவிக்கு முன்னால் நிற்கக் கற்றுக்கொண்டு, துணியைக் கையில் எடுத்துவிட்டாள்.

மைக் திறந்திருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"மேல இருந்து கீழ வரணும். பக்கவாட்டுல இழுத்தா தூசி அந்தப் பக்கம் போய் உக்காந்துக்கும்" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துடைத்தாள். சுற்றி நின்றவர்கள் இதுவும் ஒரு காட்சி என்று நினைத்துக் கூடிவிட்டார்கள். யாரோ புதிதாக உள்ளே வந்தார்கள். அக்கா திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

"யாருப்பா அது, செருப்போட உள்ள வர்றது?"

எங்கள் கூடத்தில் இருந்த அத்தனை பொம்மைகளும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தன. பிறகு ஒருவர் போய் வாசலில் செருப்பைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மறுகரையில் எங்கள் வாசலில் செருப்புக் குவியல். பறக்கும் பூட்ஸ், நெருப்புக் கக்கும் பூட்ஸ் எல்லாம் அதில் கிடந்தன.

அந்தக் காட்சியை யாரோ வீடியோ எடுத்துப் போட, விருந்தாளி பெரிய ஆளாகிவிட்டாள். 'எங்கள் வீட்டுக்கும் வருவீர்களா?' என்று எங்கிருந்தெல்லாமோ அழைப்பு. அக்கா சொந்தமாக மடிக்கணினி வாங்கினாள். அதைத் துடைக்க ஒரு துணி, அந்தத் துணியை வைக்க ஒரு பை.

என் மனைவிக்குத்தான் வயிற்றெரிச்சல். உண்மையான வீடு என்று பெயர் வாங்கிய வீட்டை அக்கா தினமும் காலையில் பளிங்கு மாதிரி ஆக்கிவிட்டுப் போனாள். இவள் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் உட்கார்ந்து மறுபடியும் தூசி வைத்தாள். அனுமதியை ரத்து செய்துவிடலாமே என்றேன்.

"செஞ்சா அண்ணி தோத்த மாதிரி ஆகாது, நான் பயந்த மாதிரி ஆகும்."

பதிலாக அவள் டீப்பாயின் மேல் ஒரு டீ வளையத்தை வைத்தாள். டம்ளர் வைத்த இடத்தில் விழுமே, அந்தப் பழுப்பு வட்டம். பார்த்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு அசல். எத்தனை தேய்த்தாலும் போகாதபடி செய்திருந்தாள்.

சில நாள் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. எனக்கு இல்லை, அவளுக்கு.

"ஏம்மா, அந்த டீப்பாய்க் கறை எதுல போகும்?"

"அது போகாது அண்ணி. அது அப்படித்தான்."

"போகாத கறைன்னு ஒண்ணு கிடையாதும்மா. ரத்தக் கறையே எடுத்திருக்கேன் நான்."

"இது டீ அண்ணி."

அதற்குப் பிறகு விருந்தாளி வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. வந்த அழைப்புகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு எங்கள் டீப்பாய்க்கு முன்னால் குனிந்தபடியே இருந்தாள். கூட்டம் அலுத்துக் கலைந்துவிட்டது. என் மனைவி கடையிலிருந்து வந்து திரையைத் திறந்தால், வெறும் கூடத்தில் அந்த மொட்டைத்தலை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கும்.

முதல் நாள் சிரித்தாள். அடுத்த நாள் சிரிக்கவில்லை. பிறகு ஒரு நாள், "பாவமா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, என்னவோ இரண்டு பொத்தானைத் தட்டினாள்.

சற்று நேரத்தில் போன் அலறியது.

"போயிடுச்சு! நான் சொன்னேன்ல?"

"எப்படி அண்ணி எடுத்தீங்க?"

"பொறுமை வேணும்மா. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு அதுதான் இல்ல."

என் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஆமாம் அண்ணி" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். கறையைப் பற்றியே தினமும் போனில் பேச்சு. "நேத்து வெச்ச துரு நல்லா இருந்துச்சும்மா, ஆனா ஓரத்துல அவ்வளவு சிவப்பு வராது" என்பாள் அக்கா. இவள் உடனே திருத்துவாள். இவள் அழுக்காக்க, அவள் சுத்தம் செய்ய, பார்ப்பதற்கு வரிசை நிற்கும். ஆனால் ஒன்று. அக்கா எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். தள்ளிவைத்திருந்த அழைப்புகளுக்கெல்லாம் மறுபடியும் போக ஆரம்பித்துவிட்டதால் நேரமில்லை.

வந்தது அத்தான்தான். அக்காவின் கணவர், தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். ஒரு சாயங்காலம் வந்து, எங்கள் தூசிச் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"எப்படி இருக்கீங்க அத்தான்?"

"பிரமாதமா இருக்கேன். செய்தித்தாளை மடிக்காம வைக்கறேன். துண்டைக் கதவு மேல போடறேன். கேக்க ஆளில்ல."

"அப்புறம் என்ன, ஜாலிதான்."

"முதல் வாரம் ஜாலியாத்தான் இருந்துச்சு" என்றார். பிறகு ரொம்ப நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பக்கத்து ரூம்ல யார் யாரையோ திட்டிக்கிட்டு இருக்கா. 'ஏன்பா இப்படிப் போட்டு வெச்சிருக்கே'ன்னு. நான்தான் போல இருக்குன்னு எழுந்து போய்ப் பார்ப்பேன். நான் இல்ல."

நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தபோது அவர் என் மனைவியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஊர்ல எனக்கு ஒரு வீடு கட்டித் தர முடியுமாம்மா? சின்னதா போதும். ரொம்ப மோசமா இருக்கணும்."

என் மனைவி அதில் தன் கைவரிசை முழுவதையும் காட்டினாள். ஒற்றை அறை. இறைந்து கிடக்கும் செய்தித்தாள், கதவில் துண்டு, மூலைக்கு மூலை நூலாம்படை. பொம்மைக்கு அத்தான் நல்ல கரிய முடியாகத் தேர்ந்தெடுத்தார். அந்தச் சபலம் யாருக்குத்தான் இல்லை. விருந்தாளிக்கு அழைப்பு அனுப்பினார். முன்னால் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், முறை வரும்போது வருகிறேன் என்று பதில் வந்தது. தன் மனைவி தன்னை வரிசையில் நிற்கச் சொன்னதை அவர் என்னிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

அவர் முறை ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்து மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவர் எழுத்தில்தான் பேச வேண்டும். ஒற்றை விரலால் தட்டுவார். நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம்.

மொட்டைத்தலை உள்ளே வந்தாள். ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் கேட்டது.

"இது வீடா, குப்பைத்தொட்டியா?"

அத்தான் முகம் மலர்ந்துவிட்டது.

"தனியாவா இருக்கீங்க?"

'இல்லை. மனைவி இருக்கிறார்' என்று தட்டினார்.

"இருந்துமா இப்படி? அவங்க இதையெல்லாம் பார்க்கறதில்லையா?"

'அவருக்கு வெளியே வேலை அதிகம்.'

அந்தப் பக்கம் துணி தேய்க்கிற ஒலி மட்டும் கேட்டது. பிறகு அக்கா, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அது வேறு குரல். அந்தக் குரலை நானே கேட்டு நாளாகியிருந்தது.

அத்தானின் விரல் விசைப்பலகைக்கு மேல் அப்படியே நின்றது. 'இன்னும் இல்லை' என்று தட்டினார். அவர் எங்கள் வீட்டில் அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

"முதல்ல போய் சாப்பிடுங்க. நான் பார்த்துக்கறேன்."

அவர் எங்கும் போகவில்லை. அவள் துடைத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்கதான்னு சொல்லிடலாமே அண்ணா?" என்றாள் என் மனைவி.

"சொன்னா வரமாட்டாம்மா. சொந்த வீட்டுக்கு யாராவது விருந்தாளியா வருவாங்களா?"

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனதும் அக்கா மடிக்கணினியை மூடிவிட்டு வந்து, அந்தக் கரிய முடிக்காரரைப் பற்றிச் சொன்னாளாம். "பாவங்க. பொண்டாட்டி இருந்தும் இல்லாத மாதிரி. என்ன பொம்பளையோ!" சொல்லச் சொல்ல அவள் கண் கதவில் கிடந்த துண்டுக்குப் போனது. பேச்சு நின்றது. எழுந்து அதை எடுத்து மடித்தாள். செய்தித்தாளை அடுக்கினாள். சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இப்போது அக்காவின் வீடு பழையபடி பளபளக்கிறது. வேளைக்குச் சாப்பாடு நடக்கிறது. மறுகரைக்கு வாரத்தில் சில நாட்கள்தான் போகிறாள். சனிக்கிழமையை மட்டும் விடுவதில்லை. அந்த மனிதரைக் கவனிக்க யாருமில்லை என்கிறாள்.

அதனால் அத்தானும் சனிக்கிழமையை விட முடியவில்லை. வெள்ளிக்கிழமையே வந்து அந்த அறையை என் மனைவியோடு சேர்ந்து அழுக்காக்கிவிட்டுப் போகிறார். போன வாரம் கணக்கை மூடிவிடலாமே என்று நான் கேட்டேன்.

"மூடினா அந்த ஆளுக்கு என்ன ஆச்சோன்னு கவலைப்படுவாடா" என்றார். பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "அவரைவிட நான் எவ்வளவோ மேல்னு சொல்றா" என்றார்.